வயலோரமும் தராசும்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியைப் பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மழை பொய்த்தது, மண் களைத்தது, விதி அப்படி என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். சற்றே நின்று சிந்தித்தால் அதனுள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருப்பது புலப்படும். நிலம் விளைத்தது உண்மை. விளைந்தது விலைபோனதும் உண்மை. அதை ஊரார் உண்டதும் உண்மை. அப்படியிருந்தும் உழுதவன் கையில் உழக்கும் மிஞ்சவில்லை என்றால், வயலுக்கும் வாய்க்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் அது சிந்திப்போயிருக்க வேண்டும் அன்றோ? அந்த இடத்தின் பெயர் சந்தை.

ஆலயத்தைப் பற்றி நாம் நிறையச் சிந்தித்திருக்கிறோம்; குடும்பத்தைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். சந்தையைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், ஆண்டவர் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்த நிகழ்ச்சியை விளக்கும்போது மட்டுமே வணிகம் எங்கள் வகுப்பறைக்குள் வந்துபோனது. ஆனால் இறைமக்களின் வாழ்வில் பாதி சந்தையில்தான் நடக்கிறது. அங்குதான் ஒருவர் உழைப்புக்கு விலை வைக்கப்படுகிறது. அங்குதான் மற்றொருவர் வயிற்றுக்கு அளவு வைக்கப்படுகிறது. சில ஆண்டுகளாக ஓர் உழவர் சந்தைக்கு அருகில் பங்குப்பணி செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. காலைத் திருப்பலி முடித்துப் பையோடு அங்கே நடந்துபோவது வழக்கமாகிவிட்டது. காய் வாங்கப் போன இடத்தில் மறைநூலின் ஓர் அதிகாரத்தைப் புதிதாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழவர் சந்தையை அறியாதவர் தமிழகத்தில் குறைவு. என்றாலும் அது எதற்காகத் தோன்றியது என்பதை மறந்துபோனவர் பலர். இடைத்தரகர் இன்றி விளைவித்தவரே விற்கும் சந்தையைப் பஞ்சாப் மாநிலம் 1987-இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் தொடங்கியது. 1999 சனவரியில் ஆந்திரம் ‘ரைத்து பஜார்’ எனத் தொடங்கிற்று. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் மாவட்டந்தோறும் பரவியது. ஆட்சிகள் மாறியபோது சில சந்தைகள் களையிழந்ததும், பின்னர் உயிர்பெற்றதும் உண்டு. அரசியல் அதைச் சூழ்ந்திருந்தாலும் அதன் அடிப்படை எளிமையானது. நிலத்தை அதிகாரிகள் நேரில் பார்த்து உழவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை தருகின்றனர். அட்டை உள்ளவருக்குக் கடை வாடகை இல்லை, தரகு இல்லை. மொத்த விலைக்கு மேலே சுமார் 20 விழுக்காடு, வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே சுமார் 15 விழுக்காடு என்னும் அளவில் அன்றாடம் விலை வகுக்கப்பட்டு, வாயிலில் உள்ள பலகையில் எழுதப்படுகிறது. விற்பவருக்கும் சற்று மிச்சம். வாங்குபவருக்கும் சற்று மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, உழவருக்குத் தராசு இலவசமாகத் தரப்படுகிறது.  நண்பகலோடு சந்தை கலைந்துவிடும்.

அந்தத் தராசின் அருமை, மண்டிக்குக் காய் ஏற்றிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். என் தந்தை கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டவர். மூட்டைகளைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போவார். அங்கே எடை போடுவது அவர் அல்லர். விலை சொல்வதும் அவர் அல்லர். மூட்டைக்கு இவ்வளவு கழிவு, நூற்றுக்கு இவ்வளவு தரகு, இறக்குக் கூலி, சாக்குக்கு ஒரு தொகை என்று எல்லாம் போக, கடைசியில் ஒரு சீட்டும் சில நோட்டுகளும் கையில் தருவார்கள். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் நோட்டுகளும் இரா; சீட்டு மட்டுமே இருக்கும். அந்தச் சீட்டுகளை அப்பா வீட்டில் திருஇருதயப் படத்தின் பின்னே செருகி வைப்பார். கழித்தல் கணக்கை நான் பள்ளியில் கற்றதைவிட அந்தச் சீட்டுகளில்தான் நன்றாகக் கற்றேன். அவர் யாரையும் குறை கூறிக் கேட்டதில்லை. ‘எடை நம்ம கையில இல்லப்பா’ என்பார். அவ்வளவுதான்.

ஆகவே, எடைக்கல்லே தன் கையில் உள்ள ஓர் உழவரைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. மின்னணுத் தராசில் எண் ஏறுவதை விற்பவரும் வாங்குபவரும் ஒருசேரக் குனிந்து பார்க்கிறார்கள். இருவருக்கும் தெரியும்படி ஓர் எண். மறைநூல் நேர்மை என்று சொல்வதன் மிக எளிய வடிவம் அது எனத் தோன்றுகிறது.

லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தை வாசகர்கள் ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன். அதன் இறுதிப் பகுதியில் பொய்யான அளவு கூடாது, தராசும் எடைக்கல்லும் முகத்தலளவையும் நேர்மையாக இருக்க வேண்டும் என்னும் கட்டளை உண்டு (35-36). அதே அதிகாரத்தின் தொடக்கப் பகுதியில் வேறொரு கட்டளை இருக்கிறது (9-10). அறுவடை செய்கிறவர் வயலின் ஓரத்தை அறுக்கக் கூடாது; சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது; திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தை எடுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அன்னியருக்கும் உரியவை. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே, கூலியாளின் ஊதியத்தை விடியும்வரை பிடித்துவைக்காதே என்பது வருகிறது (13). தன்னைப்போல் பிறரை அன்புசெய்யவேண்டும் என்று ஆண்டவர் இயேசு முதன்மைப்படுத்திய கட்டளையும் இங்கேதான், இவற்றின் நடுவேதான் இருக்கிறது (18). பிறரன்பு என்பது வானத்திலிருந்து தனியாக இறங்கிவந்த ஒன்றன்று. ஒருபக்கம் வயலோரம், மறுபக்கம் தராசு; இரண்டுக்கும் இடையே நட்டுவைக்கப்பட்ட செடி அது. நீதி இல்லாமல் ஈகை மட்டும் இருந்தால் அது பிச்சை. ஈகை இல்லாமல் நீதி மட்டும் இருந்தால், தராசின் தட்டில் வைக்க ஒன்றும் இல்லாதவர் அந்தச் சந்தைக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்.

நமது உழவர் சந்தை தராசை நேராக்கிற்று. வயலோரம் என்னவாயிற்று? இந்தக் கேள்வி எனக்கு நண்பகல் வேளைகளில் எழுந்தது.

காலை ஆறு மணிக்கு அந்தச் சந்தையைப் பார்ப்பது ஓர் இன்பம். பனி உலராத அரைக்கீரைக் கட்டுகள், கல் கட்டி நீட்டிய புடலை, மண் மணம் மாறாத சேனை, கொத்தாக முருங்கை என்று இறைவனின் படைப்பே விரித்துவைத்ததுபோல் இருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பார்ப்பது வேறு. அப்போது விற்காத காயின்முன் உழவர் உட்கார்ந்திருப்பார். திரும்ப எடுத்துப்போனால் வண்டிச் செலவு. நாளைக்கு வைத்தால் வாடிவிடும். வெளி வியாபாரி கேட்கும் விலையோ நெஞ்சைச் சுடும். கடைசியில் சிலர் மாட்டுக்குப் போடுவார்கள். சிலர் மூலையில் கொட்டிவிட்டுப் போவார்கள். விலை அடியோடு சரியும் காலங்களில் இது பெருந்துயரமாகிறது. 2023 சூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், தமிழக அரசே நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததும் நினைவிருக்கும். அடுத்த சில வாரங்களில் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று நாட்டின் பல பகுதிகளில் பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள். ஏழை வாங்க முடியாத விலை ஒரு மாதம். உழவர் விற்க முடியாத விலை மறுமாதம். இரண்டிலும் பசித்தவரின் தட்டு வெறுமையாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் பசியா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. 1956-இல் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2011 முதல் அரிசி அட்டை உள்ளோர்க்கு விலையில்லா அரிசி, 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவு என்று பசிக்கு எதிராக இம்மாநிலம் கட்டிய அணைகள் பெருமைக்குரியவை. வயிறு ஒட்டிய பழைய பஞ்சத்துப் பசி பெரும்பாலும் ஒழிந்திருக்கிறது. ஆயினும் பசி வேடம் மாற்றிக்கொண்டு நம்மிடையே வாழ்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. காரணங்கள் பல. கீரையும் காயும் பயறும் இல்லாத தட்டு அவற்றுள் ஒன்று. அரிசி வருகிறது, அதன்மேல் ஊற்ற ஒன்றும் வருவதில்லை. பங்கில் வீடு சந்திக்கப் போகும்போது சில வீடுகளின் அடுப்படியில் இதைப் பார்த்திருக்கிறேன். பானை நிறையச் சோறு. பக்கத்தில் உப்பு, பச்சை மிளகாய், பாதி வெங்காயம். நீரும் சோறுமாக வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. அந்த வீடுகளுக்கும், கீரை மூலையில் கொட்டப்படும் சந்தைக்கும் இடையே நடைதூரம்தான்.

உலக அளவிலும் கணக்கு இதுவே. 2024-இல் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியில் வாடினர் என ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. 2022-இல் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு 105 கோடி டன் என்று அச்சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அறிவித்தது. எறியப்படும் உணவு ஏழையின் மேசையிலிருந்து திருடப்பட்டதற்கு ஒப்பாகும் என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் தம் சுற்றுமடலில் எச்சரித்தது இதனால்தான்.

எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் ஏழைகளின் வீடுகளைச் சந்திப்பவர்கள். சந்தையில் எஞ்சும் காய்களைக் கேட்டுப் பெற்று அந்த வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கலாமா என்று அவர்களுடன் பேசினேன். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். உழவர்களிடம் பேச ஒருநாள் நண்பகலில் போனோம். பலர் தலையசைத்தார்கள். கீரை விற்கும் ஒரு மூதாட்டி மட்டும் முகம் கொடுக்கவில்லை. கிறிஸ்தவர் அல்லர், ஆயினும் என்னைச் ‘சாமி’ என்றே அழைப்பவர்.

“என்னம்மா, கொடுக்க விருப்பமில்லையா?” என்று கேட்டேன்.

“கொடுக்கறதுக்கு என்ன சாமி? ஆனா மத்தியானம் வாடிப்போனதைக் கொடுத்துட்டுக் கொடுத்தேன்னு சொல்லிக்க எனக்கு மனசு வரலை. மாடு தின்னுறதை மனுசங்க தலையில கட்டலாமா? கொடுக்கணும்னா காலையில வரும்போதே ரெண்டு கட்டு தனியா எடுத்து வச்சிடுறேன். அது என் கணக்குல வராது. விடியக்காலையில வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

மறையுரைக்குப் பல விளக்கவுரைகளைப் புரட்டிப் பழகிய எனக்கு, அந்த அதிகாரத்தின் உட்பொருளை அந்த அம்மா விளக்கிவிட்டார். லேவியர் நூல் எஞ்சியதைக் கொடுக்கச் சொல்லவில்லை. அறுவடை முடிந்து, களம் கூட்டி, குதிர் நிரப்பி, மிஞ்சினால் கொடு என்பது அதன் சட்டமன்று. அரிவாள் வைக்கும் முன்பே ஓரத்தை விட்டுவிடு என்பதே சட்டம். ஓரத்தில் நிற்பதும் நடுவில் நிற்பதும் ஒரே கதிர். ஒரே நீரை உண்டது. ஒரே வெயிலில் முற்றியது. ஏழையின் பங்கு தரத்தில் குறைந்ததன்று. கோதுமையின் பதரையும் விலைக்கு விற்றவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் எவ்வளவு கடுமையாகச் சாடுகிறார் (8:4-6)! விலைக்கே விற்கத் தகாததைத் தானமாகக் கொடுப்பது எப்படித் தகும்? மேலும், அந்த ஓரம் வயலுக்கு உடையவரின் இரக்கத்தைப் பொறுத்ததன்று, ஏழையின் உரிமை. யூத அறிஞர்கள் பிற்காலத்தில் இந்த வயலோரத்துக்கென்றே தனி ஏடு வகுத்து, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்று அளவும் வைத்தார்கள். வயலோரத்துக்கும் ஒரு தராசு இருந்தது.

நம் ஊர்களிலும் இந்த அறிவு இல்லாமலில்லை. கடலை பிடுங்கிய காட்டில் தப்புக்கடலை பொறுக்க எளியவர் இறங்கினால் யாரும் தடுப்பதில்லை. களத்துமேட்டில் வந்து நின்றவரை முறத்தில் ஒரு சிறங்கை நெல்லாவது இடாமல் அனுப்புவதில்லை. சோறு பொங்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்த தாய்மார்களும் உண்டு. பொங்கிய பின் அன்று, பொங்கும் முன். ஆனால் அந்தப் பழைய உலகத்தைப் பொன்னுலகம் என்று புகழவும் என்னால் இயலாது. களத்தில் நெல்லுக்காக நின்றவர் யார், எவ்வளவு தூரத்தில் நின்றார், எந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு மடியை ஏந்தினார் என்பதும் நமக்குத் தெரிந்ததே. கொடுத்த கை கொடுத்ததைச் சொல்லிக்காட்டிய ஊர்களில் ஈகை சாதிக்குக் காவலாக நின்றது. ஆகவே ஓரத்தை விடுவது மட்டும் போதாது. அந்த ஓரத்துக்கு வருகிறவர் தலைநிமிர்ந்து வர வேண்டும்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. சந்தையில் உட்கார்ந்திருப்பவர் பெருநிலக்கிழார் அல்லர். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்துக் கடனோடு போராடுபவர். ஏழைக்கு உணவூட்டும் பொறுப்பை இன்னோர் ஏழையின் தலையில் மட்டும் ஏற்றுவது அறமாகாது. மூதாட்டியின் இரண்டு கட்டுக் கீரையை வாங்கிக்கொள்ளும்போதே இது எங்களை உறுத்தியது. அப்படியானால் இன்று வயல் யாருடையது? ஓரத்தை விடவேண்டியவர் யார்? மாதச் சம்பளம் வாங்கி, நிறைந்த பையோடு வீடு திரும்பும் நாமே. விளைச்சலின் பெரும்பகுதி நம் வீட்டுக்குத்தான் வருகிறது. நமது பைதான் இன்றைய களஞ்சியம். எனவே சபையினர் சந்தை வாயிலுக்கு அருகே அனுமதி பெற்று ஒரு கூடையை வைத்தார்கள். வாங்குகிறவர், தம் வீட்டுக்கு வாங்கும் அதே காயில் கால் கிலோவோ ஒரு கட்டோ கூடுதலாகப் பலகை விலைக்கே வாங்கிக் கூடையில் இடலாம். இதனால் உழவருக்கு அவர் விலை கிடைக்கிறது. சந்தை கலையும் முன் சரக்கு தீர்கிறது. கூடைக்கு வருவது காலைக் காய். ஈகையும் நீதியும் இங்கே ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கவில்லை.

சொல்வதற்கு எளிதாயிருக்கும் இது, நடத்துவதற்கு அவ்வளவு எளிதன்று. மழை நாளில் கூடை காலியாக இருக்கும். முகூர்த்த நாளில் நிரம்பி வழியும். வெண்டை நாலு பேருக்கு வந்தால் பத்துப் பேருக்குப் பங்கிட வேண்டும். காய்களை ஒருநாள் வைத்திருக்கவும் வழியில்லை. அன்றே கொடுத்தாக வேண்டும். இவை சிறு தொல்லைகள். பெரிய சிக்கல் எங்கள் பங்குப்பேரவையில் எழுந்தது. ஊருக்கு வெளியே கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் கொடுக்கலாமா என்பது கேள்வி. “நம் பங்கிலேயே ஏழைகள் இருக்கும்போது, மொழி தெரியாதவர்களைத் தேடிப் போவானேன்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் கல்நெஞ்சர் அல்லர்; ஏழைகளின் வீடுகளைப் பல ஆண்டுகள் நடந்தே சந்தித்தவர். அவருக்கு நம்மவர் மீதிருந்த பரிவே அப்படிப் பேசிற்று.

நான் வாதாடவில்லை. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை வாசிக்கச் சொன்னேன். தொடக்கத் திருச்சபையில் எழுந்த ஒரு சிக்கல் அங்கே பதிவாகியிருக்கிறது. அது அன்றாட உணவுப் பங்கீட்டைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. தூய ஆவியால் நிரம்பிய சபையிலும், உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்த சபையிலும், மொழி ஒரு சுவராக நின்றது. திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. அறிவுரை கூறி அனுப்பவுமில்லை. எழுவரைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர் எனத் தொடங்கும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பங்கிடுகிறவர்களைத் தேர்ந்துகொண்டதாகத் தெரிகிறது. வாசித்து முடித்ததும் பேரவையில் சிறிதுநேரம் அமைதி நிலவியது. பின்னர் அந்த மூத்தவரே, “அப்படியானால் பங்கிடும் குழுவில் அவர்களில் ஒருவரும் இருக்கட்டும்” என்றார். இன்று கொட்டகைகளுக்குப் போகும் பையை எடுத்துச்செல்பவர் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் கூலி வரவில்லை என்பது எங்களைவிட அவருக்கே தெரிகிறது.

பெறுகிறவரின் மாண்பைப் பற்றி ரூத்து நூல் ஓர் அழகிய பாடம் தருகிறது. மோவாபிலிருந்து வந்த அந்த அன்னியப் பெண் போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடும்படியும், அவளைக் கடிந்துகொள்ளாதிருக்கும்படியும் போவாசு வேலையாள்களிடம் சொல்கிறார் (2:15-16). கட்டுக்கட்டாக அள்ளிக் கொடுத்திருக்கலாமே! அப்படிச் செய்யவில்லை. கதிரைத் தாராளமாக விட்டார். அதைத் திரட்டும் உழைப்பையும் அவளுக்கே விட்டார். மாலையில் அவள் தட்டிப் புடைத்து எடுத்துச்சென்ற வாற்கோதுமை அவளுடைய உழைப்பின் பயனாகவே மாமியின் முன் இறங்கிற்று. எங்கள் பட்டியலில் உள்ள கைம்பெண் ஒருவர், இரண்டாம் வாரமே சபையினரிடம், “சும்மா வாங்கித் தின்ன மாட்டேன், கீரையை நான் ஆய்ந்து கட்டித் தருகிறேன்” என்று சொல்லிவிட்டு, பங்கிடும் நாள்களில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்று பார்த்துச் சொல்ல இயலாதபடி அந்தத் திண்ணை இப்போது இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு கூடையால் நாட்டின் பசி தீருமா என்று கேட்டால், தீராது என்பதே விடை. அரசு செய்ய வேண்டியதைக் கூடை செய்ய முடியாது. நேர்மையான விலையும், கெடாமல் காக்கும் கிடங்கும், கூலியாளுக்கு உரிய ஊதியமும் கூடையால் வருபவை அல்ல. அதேவேளையில், பெருங்களஞ்சியங்கள் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் தொடக்க நூலின் 47ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். யோசேப்பின் களஞ்சியம் எகிப்தைச் சாவிலிருந்து காப்பாற்றியது. ஆனால் தானியத்துக்கு விலையாக மக்கள் முதலில் பணத்தையும், பின்னர் ஆடுமாடுகளையும், அதன்பின் நிலத்தையும், இறுதியில் தங்களையுமே கொடுக்க நேர்ந்தது. களஞ்சியம் பெரிதாக இருந்தது, வயலோரம் இல்லை. இதற்கு மாறாக, கப்பதோக்கியாவில் 368-ஐ ஒட்டி வந்த பஞ்சத்தின்போது புனித பசிலியார் செல்வர்களின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்தார். பட்டினி கிடந்தோருக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறினார். நம் மண்ணில் வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பும் சமயம் கேட்காமல் இன்றுவரை சோறு வடிக்கிறது. பசி என்று வரும்போது நல்லோர் எல்லாரும் ஒரே மொழியைப் பேசியிருக்கிறார்கள்.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்தபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்துவைக்க ஆண்டவர் சீடர்களைப் பணித்தார் என்று யோவான் எழுதுகிறார் (6:12). அங்கே எஞ்சியதற்கு மதிப்பு இருந்தது. ஆனால் அந்த விருந்து எஞ்சியதிலிருந்து தொடங்கவில்லை. தன் ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும், தான் உண்ணும் முன்பே கொடுத்துவிட்ட ஒரு சிறுவனிடமிருந்து தொடங்கிற்று. திருப்பலியில் நாம் ஒப்புக்கொடுக்கும் அப்பமும் அப்படிப்பட்டதே. அது நிலம் தந்தது, மனித உழைப்பு தந்தது என்று ஒவ்வொரு நாளும் பீடத்தில் அறிக்கையிடுகிறோம். ஏதோ ஓர் உழவர் ஏதோ ஒரு தராசில் வைத்துவிட்டுப்போன கோதுமை அது. அந்தத் தராசு நேராக இருந்ததா, அந்த வயலின் ஓரம் யாருக்காவது விடப்பட்டதா என்று கேளாமல் அந்த அப்பத்தை உயர்த்துவது எனக்கு இப்போதெல்லாம் எளிதாயில்லை. பசித்திருந்தவரைப் பாராமல் முந்தி உண்டவர்களைக் கொரிந்தில் பவுலடிகளார் கடிந்துகொண்டதும் இந்தப் பந்தியின் பேரில்தான்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஓர் உழவர் சந்தையோ வாரச்சந்தையோ இருக்கும். அங்கே கீரை விற்கும் தாயிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அவர் சொல்லும் விலை பெரும்பாலும் அவருக்கே போதாத விலை. பை நிறைந்தபின் மிஞ்சியதைப் பற்றி யோசிக்காதீர்கள். பையைத் திறக்கும்போதே ஒரு கட்டை வேறொரு வீட்டுக்கென்று எண்ணி எடுங்கள். அந்த வீடு எதுவென்று தெரியாவிட்டால், தெருவில் நாலு வீடு நடந்து பாருங்கள், தெரிந்துவிடும்.